முந்தின நாள் நண்டுக் குழம்பு

சாயர்புரம்

தம்பி,

உன் கடிதத்தில் ஒரு வரி எனக்கு எரிச்சலைக் கிளப்பிவிட்டது. "வருஷ டெஸ்டில் எல்லாருக்கும் நார்மல் என்று வந்துவிட்டது, அதனால் எங்கள் ஆலையில் பிரச்சினை இல்லை சார்" என்று எழுதியிருக்கிறாய். வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தவன் எழுதுகிற பேச்சா இது? எந்த உலோகம்? ரத்தமா, சிறுநீரா? என்ன கிழமை எடுத்தார்கள்? ஷிப்டுக்கு முன்பா, பின்பா? ஒன்றையும் காணோம்.

உடம்புக்குள் ஒவ்வொரு உலோகமும் தங்கும் காலம் வேறு. ஈயம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எலும்புக்குள் போய்விட்டால் பல பத்தாண்டுகள் கிடக்கும். காட்மியம் சிறுநீரகத்தில் குடியேறினால் லேசில் வெளியேறாது. பாதரச ஆவியை நாள்தோறும் சுவாசிக்கிறவனுக்குச் சிறுநீரைப் பார்க்க வேண்டும். ரத்தத்தைப் பார்த்தால் அவன் தின்ற சுறாவும் சூரையும் சேர்ந்தே கணக்கில் வரும்.

மீன் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் கடற்கரைக்காரன் ஒவ்வொருவனும் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி இது. யாரும் பாடத்தில் சொல்லித் தருவதில்லை. தாமிரத் தாது எங்கே உருகினாலும் அதோடு ஆர்சனிக் வர வாய்ப்புண்டு. மீளவிட்டானில் 2018 மார்ச் வரை தாமிர உருக்காலை ஓடிய ஊர்க்காரர்கள் நாம். இப்படி ஓர் ஆலையின் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நண்டுக் குழம்பும் இறால் தொக்கும் சாப்பிட்டுவிட்டுத் திங்கள் காலை சிறுநீர் கொடுக்கிறான் என்று வை. லேப் 'மொத்த ஆர்சனிக்' மட்டும் பார்த்தால் அளவு எகிறிக் கிடக்கும். நிர்வாகத்துக்கு அதிர்ச்சி, அவன் பெண்டாட்டிக்கு அழுகை. ஆனால் அதில் பெரும்பகுதி ஆர்சனோபீட்டெய்ன். கடல் உயிர்கள் தங்கள் உடம்பில் சேர்த்துவைக்கும் கரிமச் சேர்மம். நஞ்சு என்று சொல்லத்தக்கதல்ல, வந்த வடிவத்திலேயே வெளியேறிவிடும். நமக்கு வேண்டியது கனிம ஆர்சனிக்கும், ஈரல் அதை மாற்றித் தரும் மெத்தில் வடிவங்களும். அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர்களின் அமைப்பான ஏ.சி.ஜி.ஐ.எச். வழிகாட்டு அளவாக லிட்டருக்கு 35 மைக்ரோகிராம் என்று சொல்வது இந்தக் கூட்டுத்தொகையைத்தான். அதையும் வேலை வாரத்தின் கடைசியில் எடுக்கச் சொல்கிறது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 'மீன்காரன்தானே, அதனால்தான் ஏறியிருக்கும்' என்று சொல்லி நிஜமான ஆர்சனிக்கையும் மூடி மறைத்துவிடலாம். வடிவம் பிரித்துப் பார்க்கும் லேபுக்கு அனுப்பு. முடியாவிட்டால் மூன்று நான்கு நாள் மீன், நண்டு, இறால், கணவாய் எதையும் தொடாதே என்று முன்கூட்டியே சொல்லி, அவன் சாப்பிட்டதையும் படிவத்தில் எழுது. அச்சுப் படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்காது. ஓரத்தில் எழுது.

நேரம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையைவிட வேறு பாடம் வேண்டாம். அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து எண்பதுகளில் வந்து இறங்கி, பின்னால் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போன ஆலை அது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் 2001-இல் அகப்பட்டதும் மூடினார்கள். 2003-இல் பாதரசக் கழிவு 290 டன் நம் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகத்தான் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. தொழிலாளர் உடல்நலம் கெட்டதா என்ற வழக்கு மட்டும் இங்கேயே நின்றது. போதிய ஆதாரம் இல்லை என்றது சென்னை உயர் நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு. மேலோட்டமாகப் பார்த்தாலே ஆதாரம் இருக்கிறது என்றது 2011-இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் குழு. பாதிப்பே இல்லை என்றுதான் நிறுவனம் சொல்லிவந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு வந்தது.

நீயே கணக்குப் போட்டுப் பார். உடம்பிலுள்ள பாதரசம் பாதியாக ஏறத்தாழ இரண்டு மாதம். வேலையை விட்ட அன்று ஒருவரின் சிறுநீரில் கிரியாட்டினின் கிராமுக்கு 100 மைக்ரோகிராம் இருந்தால், ஓராண்டில் ஆறு முறை பாதியாகி 2-க்கும் கீழே போய்விடும். ஆலைப் பக்கமே போகாத என் சிறுநீரிலும் அவ்வளவு இருக்கலாம். நடுக்கமும் மறதியும் இருக்கும். சாட்சி சொல்ல வேண்டிய பாதரசம் போயே போயிருக்கும். அப்போது 'நார்மல்' என்று ஒரு தாள் வந்தால் அதற்கு என்ன மதிப்பு?

காற்றையும் அளக்கிறோமே என்பாய். எங்கே வைத்து அளக்கிறீர்கள்? சுவரோரம் ஒரு கருவியை நிறுத்திவிட்டு வந்தால் சுவர் எதைச் சுவாசிக்கிறது என்றுதான் தெரியும். காற்றை இழுக்கும் பம்ப் தொழிலாளியின் இடுப்பில் இருக்க வேண்டும். ஃபில்டர் காலர் பட்டையில், மூக்குக்கு ஓரடிக்குள். அவன் குனிந்து கசடு அள்ளும்போதும் அது கூடவே குனிய வேண்டும்.

அமெரிக்கத் தொழில்நோய் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டனின் தன்வரலாற்றை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். 1943-இல் வந்த புத்தகம். குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசும் போலந்துக்காரர் ஒருவர் ஈய நஞ்சால் முடங்கிக் கிடந்தார். ஹாமில்டன் ஆலைக்குப் போனால் அங்கே ஈயமே இல்லை. திரும்பி அந்த மனிதரிடமே வந்து கேட்டார். 'நீங்கள் பார்த்தது கடைசி வேலை. எனாமல் போடும் இடம் வேறு' என்றார் அவர். அங்கே போய்ப் பார்த்தபோதுதான் காய்ச்சிய தொட்டிமேல் தூள் தூவுவதும் புழுதி பறப்பதும் தெரிந்தது. நீயும் பம்பை மாட்டுவதற்கு முன் தொழிலாளியிடம் பேசு. மேலாளர் காட்டும் இடம் பெரும்பாலும் பெருக்கித் துடைத்த இடம்.

பாலும் வெல்லமும் வாழைப்பழமும் கொடுக்கிறார்கள் என்று பெருமையாக எழுதியிருந்தாய். கொடுக்கட்டும். வெறும் வயிற்றிலும், சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த உடம்பிலும் ஈயம் கூடுதலாக ஏறும் என்பது உண்மை. அதற்காகப் பால் குடித்தவன் நுரையீரலுக்குள் புகை போகாதா? புகைபோக்கி மோட்டாரைப் பழுதுபார்க்கும் செலவுக்குப் பால் செலவு மலிவு, அவ்வளவுதான்.

போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987-இல், தொழிற்சாலைச் சட்டத்தில் 41சி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நச்சுப்பொருளோடு வேலை செய்கிறவரின் உடல்நலப் பதிவேட்டைச் சரியாக வைத்திருக்க வேண்டும், அவர் பார்க்கவும் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். அடுத்த பரிசோதனை முடிந்ததும் ஒவ்வொருவர் கையிலும் அவரவர் அளவை எண்ணாக, தேதியோடு, தமிழில் எழுதிக் கொடு. அதன் நகல் ஒன்றை, பெயர்களை அடித்துவிட்டு, எனக்கும் அனுப்பு.