கால்பந்தாட்டத்தில் திறனும் சீரும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., புள்ளியியல்

முன்னுரை

விளையாட்டு உடலை வளர்க்கும் என்பது யாவரும் அறிந்ததே. அது உள்ளத்தையும் அளந்து காட்டும் என்பதைக் களத்தில் இறங்கியவர்களே நன்கு அறிவர். பதினொருவர் கூடி ஆடும் கால்பந்தாட்டத்தில் பார்வையாளர் கண் பெரும்பாலும் முன்கள வீரர் மீதே நிற்கிறது. கோல் அடிக்க வேண்டியவர் அவர். ஆகவே புகழும் அவருக்கே, பழியும் அவருக்கே. ஒரு நாள் மூவரைக் கடந்து சென்று கோல் அடிப்பார். அடுத்த வாரம் அவர் களத்தில் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருக்கும். இத்தகைய வீரரால் அணிக்கு நன்மையா, தீமையா? அவர் மாற இயலுமா? மாறினால் அணி பெறும் பயன் என்ன? நான் கற்கும் புள்ளியியலைத் துணையாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய முற்படுகிறேன்.

கணக்கு காட்டும் உண்மை

இரண்டு முன்கள வீரர்களை எடுத்துக்கொள்வோம். இருவரும் வெவ்வேறு அணியினர். ஆளுக்கு ஆறு ஆட்டங்கள் ஆடி, ஆளுக்கு ஆறு கோல் அடித்திருக்கின்றனர். முதலாமவர் இரண்டு ஆட்டங்களில் மும்மூன்று கோல் அடித்தார். மற்ற நான்கில் ஒன்றுமில்லை. இரண்டாமவர் ஆட்டத்துக்கு ஒன்றாக அடித்தார். இருவருக்கும் சராசரி ஒன்றே. ஆனால் திட்டவிலக்கம் முதலாமவருக்கு ஏறத்தாழ 1.41, இரண்டாமவருக்குச் சுழியம்.

இவர்கள் அடித்த கோல்களை நீக்கிவிட்டால் ஒவ்வோர் ஆட்டமும் 1-1 எனச் சமனில் முடிந்திருக்கும் என்று கொள்வோம். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி என்பது விதி. முதலாமவரின் அணி இரண்டு வெற்றி, நான்கு சமன் பெற்று 10 புள்ளி எடுக்கும். இரண்டாமவரின் அணி ஆறு ஆட்டங்களிலும் வென்று 18 புள்ளி எடுக்கும். கோல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் அணிக்குக் கிடைத்த பயனில் 8 புள்ளி வேறுபாடு! சராசரி மட்டும் ஒருவரின் மதிப்பைச் சொல்லிவிடாது என்று வகுப்பில் படிக்கிறோம். களமும் அதையே சொல்கிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு கோல் தவறாமல் அடிக்கும் வீரர் உலகில் எங்குமில்லை. பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போவதும் வெளியே போவதும் ஓரளவு தற்செயலே. அப்படியானால் ஒரு வீரரிடம் எதைச் சீராக எதிர்பார்க்கலாம்? பயிற்சிக்கு நேரத்தில் வருவதை எதிர்பார்க்கலாம். பந்து எதிரணியிடம் போனால் முதலில் ஓடி மறிப்பதையும், தன்னைவிட நல்ல இடத்தில் நிற்பவருக்குப் பந்தைத் தருவதையும், பந்து வராவிட்டாலும் ஓடி வெற்றிடம் உண்டாக்குவதையும் எதிர்பார்க்கலாம். இவற்றில் தற்செயலுக்கு இடமே இல்லை.

எங்கள் பழவேற்காட்டு ஏரியில் இதற்கு ஒப்பான ஒன்றை நாள்தோறும் காணலாம். அங்கே 'பாடு' என்றொரு முறை உண்டு. மீன்பிடிக்கும் இடங்களை ஊர்க்காரர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது அது. முறை வந்த அன்று இறால் படுமா, படாதா என்பது நம் கையில் இல்லை. கிழிந்த வலையை முன்னரே தைத்து வைப்பதும், நேரத்தில் தோணி ஏறுவதும் நம் கையில் உள்ளவை. மீன் படாத இரவுக்காக எங்கள் ஊரில் ஒருவரையும் யாரும் ஏசுவதில்லை. வலை தைக்காமல் வந்தவனை ஏசாமல் விடுவதுமில்லை.

சென்னை தந்த வீரர்

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1995இல் சென்னையில் பிறந்த நந்தகுமார் சேகர் ஓரத்தில் ஆடும் முன்கள வீரர். வேகமும் பந்தைக் கடத்திச் செல்லும் நுட்பமும் தொடக்கத்திலேயே அவரிடம் இருந்தன. சென்னை சிட்டி அணிக்கு ஆடிய பின் 2017இல் இந்தியன் சூப்பர் லீகில் டெல்லி டைனமோஸ் அணிக்குச் சென்றார். அந்த அணியே 2019இல் புவனேஸ்வரத்துக்கு மாறி ஒடிசா எஃப்.சி. ஆயிற்று. முதல் ஐந்து பருவங்களில் அவருடைய திறமைக்கு ஈடான கோல்கள் வரவில்லை. ஆறாவதான 2022-23 பருவத்தில் மட்டும் லீகில் 6 கோல் அடித்தார். அணியும் ஒடிசா என்ற பெயரில் முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. 2023 ஏப்ரலில் ஒடிசா அணி சூப்பர் கோப்பையை வென்றது. அந்த அணி பெற்ற முதல் பெரிய கோப்பை அது. அதே ஆண்டு ஜூன் திங்களில் நந்தகுமார் இந்திய அணிக்காகவும் களமிறங்கினார்.

பின்னர் அவர் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்தார். அந்த அணி பரம எதிரியான மோகன் பகானிடம் தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் தோற்றிருந்த நேரம் அது. 2023 ஆகஸ்டு 12 அன்று டூரண்டு கோப்பை ஆட்டத்தில் நந்தகுமார் வலப்புறத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து இடக்காலால் வளைத்து அடித்த ஒரே கோல் வெற்றியைத் தந்தது. 2019 ஜனவரிக்குப் பின் அந்த எதிரியின்மீது பெற்ற முதல் வெற்றி அது. அதே போட்டியின் அரையிறுதியில் அணி தோற்கும் நிலையில் இருந்தபோது, கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் சமன் கோலும் அவரே அடித்தார். 2024 ஜனவரி 28 அன்று சூப்பர் கோப்பை இறுதியாட்டத்தில், தம் பழைய அணியான ஒடிசாவுக்கு எதிராகச் சமன் கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 3-2 என வென்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் தேசியக் கோப்பை ஒன்றைத் தொட்டது. மொத்தக் கோல்கள் மிகுதியல்ல. ஆனால் வேண்டிய வேளையில் வந்தவை. மேலே கண்ட கணக்கின் பொருளும் இதுவே.

மறுபுறத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. 2024 நவம்பரில் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியுடன் நடந்த ஆட்டத்தில் முதற்பாதியிலேயே நந்தகுமாருக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. சற்று நேரத்தில் அவருடைய அணித்தோழர் ஒருவருக்கும் அவ்வாறே ஆயிற்று. எஞ்சிய ஒன்பது பேர் ஆட்டம் முடியும்வரை போராடி 0-0 எனக் காத்தனர். சீர்மை என்பது ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டும் பட்டமன்று; ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாக ஈட்ட வேண்டியது என்பதே இதில் நாம் காண்பது.

உலக அரங்கில் ஒருவர்

பிரேசில் நாட்டு வினிசியஸ் ஜூனியர் 2018இல், பதினெட்டு வயதில், ரியல் மாட்ரிட் அணிக்கு வந்தார். மின்னலென ஓடுவார், கோல் முன் வந்ததும் தடுமாறுவார். முதல் மூன்று பருவங்களில் எதிலும் லீக் கோல்கள் மூன்றைத் தாண்டவில்லை. ஏளனமும் கேட்டார். 2021இல் பயிற்சியாளராக வந்த கார்லோ அன்சலோட்டி, ஓட்டத்தை முடிக்கையில் பந்தை மிகுதியாகத் தொடாமல் ஓரிரு தொடுகையில் அடிக்கச் சொன்னார். அந்தப் பருவத்தில் லீகில் மட்டும் 17 கோல் வந்தன. 2022 மே 28 அன்று பாரிசை அடுத்த சாந்தெனியில் நடந்த ஐரோப்பிய இறுதியாட்டத்தில் லிவர்பூலை வீழ்த்திய ஒரே கோலை அவர் ஒரே தொடுகையில் அடித்தார். எவரையும் ஏய்த்துக் கடக்கவில்லை. வால்வெர்டே அனுப்பிய பந்து வந்து சேரும் இடத்தில் முன்னரே போய் நின்றார். புதிய திறமை ஒன்றும் அவருக்கு முளைக்கவில்லை. இருந்த திறமை ஒழுங்குக்கு வந்தது.

எங்கள் ஊர் அனுபவம்

நான் எங்கள் ஊர் அணியில் பின்களத்தில் ஆடுகிறவன். எங்கள் முன்கள வீரன் என்னைவிட இளையவன். அவனுடைய இடக்காலுக்கு ஈடு சுற்று வட்டாரத்தில் இல்லை. ஆனால் பயிற்சிக்கு மூன்று நாள் வருவான், நான்கு நாள் வரமாட்டான். வந்தாலும் பந்து கேட்டு நிற்பானேயன்றி ஓடமாட்டான். "திமிர் பிடித்தவன்" என்பதே அணியின் தீர்ப்பாக இருந்தது. அவனை நீக்கிவிடலாம் என்றும் பேச்சு எழுந்தது.

எங்கள் அணித்தலைவர் அண்ணன் அவசரப்படவில்லை. அவன் வீட்டுக்குப் போய் விசாரித்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவன் இரவெல்லாம் ஏரியில் இறாலுக்கு வலை போட்டுவிட்டு விடியற்காலையில்தான் கரையேறுகிறான். எங்கள் பயிற்சியோ காலை ஆறு மணிக்கு! திமிர் என்று நாங்கள் நினைத்ததில் பாதி, தூக்கம். பயிற்சியை மாலைக்கு மாற்றினார்கள். அதே நேரத்தில் அவனிடமும் அண்ணன் ஒரு சொல் வாங்கிக்கொண்டார்: "தம்பி, கோல் அடிக்கிறது உன் இஷ்டம். பந்து போயிட்டா முதல்ல ஓடறது நீயா இருக்கணும்."

அதன்பின் அவன் மாறினான். ஒரே நாளில் அன்று. ஏறக்குறைய ஒரு பருவம் ஆயிற்று. கடைசியாக நாங்கள் ஆடிய போட்டியின் இறுதியாட்டத்தில் அவன் ஒரு கோலும் அடிக்கவில்லை. ஆனால் முடிவதற்குச் சற்று முன், எங்கள் கோலருகே வரை ஓடிவந்து எதிரணி வீரரின் காலிலிருந்து பந்தைத் தட்டிவிட்டான். அன்று நாங்கள் 1-0 என வென்றோம். கோல் கணக்கில் அவன் பெயர் இல்லை. அவன் இல்லாமல் வெற்றியும் இல்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் அறிவன இவை. திறமை இயற்கை தருவது. சீர்மை நாம் சேர்ப்பது. பலன் ஏறி இறங்கும். முயற்சி ஏறி இறங்கலாகாது. ஒருவர் சீராக இல்லை என்றால் அவர் மனப்போக்கைப் பழிக்குமுன் காரணத்தைக் கேட்டறிவது அணியின் கடமை. காரணம் நீங்கிய பின்னும் ஓட மறுத்தால் குறை அவருடையதே.

இது களத்துக்கு மட்டும் உரியதன்று. முதல் பேருந்தைப் பிடித்து வந்து கடைசி வரிசையில் கண் அயரும் மாணவர்கள் நம் வகுப்புகளிலும் உண்டு. என்னைப் போல, வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்தவர்கள் அவர்களுள் பலர். அவர்களிடம் திறமை இல்லை என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டா. ஏன் என்று ஒருமுறை கேளுங்கள். கேட்கப்பட்டவர்களும் அடுத்த நாள் முதல் ஓடத் தயாராக இருப்போமாக!