முகப்பரு: வீட்டில் செய்ய வேண்டியதும் விட வேண்டியதும்

பரு கிளம்பும் இடம் மயிர்க்கால். ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்ற சுரப்புநீர் ஆண், பெண் இருவருக்கும் கூடும்போது அந்தச் சுரப்பி பருத்து, எண்ணெயை அதிகமாகக் கசியவிடுகிறது. உதிர்ந்து வெளியேற வேண்டிய தோல் செல்கள் அந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டு மயிர்க்காலின் வாயை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில், எல்லோர் தோலிலும் எப்போதும் இருக்கும் ஒரு பாக்டீரியா பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் கோக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத முதல் அடைப்பு, விரலில் தட்டுப்படும் பருவாக வளர ஏறத்தாழ 8 வாரம் ஆகலாம். வீட்டுப் பராமரிப்பின் கணக்கு முழுவதும் இந்த 8 வாரத்தில் அடங்கியிருக்கிறது. இன்று தடவும் மருந்து பெரும்பாலும் அடுத்த மாதம் வரவிருக்கும் பருவைத் தடுக்கிறது. வாரம் ஒரு பொருளாக மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு எதுவுமே கேட்காமல் போவது இதனால்தான்.

அகரம், தாடிக்கொம்பு, வேடசந்தூர் என்று விரியும் திண்டுக்கல் சமவெளியில் இதோடு ஊரின் நிலைமையும் சேர்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் வியர்வை காய்வதே இல்லை. பல வீடுகளில் குளிக்கப் போர்த் தண்ணீர்தான். நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் இளம்பெண்களுக்குப் புழுக்கமும் பஞ்சுத் தூசும் மணிக்கணக்கில் முகத்தில் படிகின்றன. பூட்டுப் பட்டறையிலும் ஒர்க்‌ஷாப்பிலும் வேலை செய்பவர்கள் கிரீஸ் படிந்த கையாலேயே நெற்றி வியர்வையை வழிக்கிறார்கள். இவற்றில் எதுவும் தனியாகப் பருவை உண்டாக்கிவிடாது. ஏற்கெனவே வரக்கூடிய முகத்தில் அதைக் கூட்டிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது அது பருதானா என்பது. பரு ஒரே அச்சில் வராது. மூக்கில் கருத்த முனைகள், கன்னத்தில் மூடிய வெள்ளை முனைகள், சிவந்த கட்டிகள், சீழ் வைத்தவை எல்லாம் ஒரே முகத்தில் கலந்து நிற்கும். நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாகப் பரவி, வியர்த்தால் கடுமையாக அரித்தால் அது மயிர்க்காலில் சேரும் பூஞ்சையாக இருக்கலாம். அதற்குப் பருக் களிம்பு பயன்படாது, மருந்தும் வேறு. தாடி மழித்த இடத்தில் மட்டும் வருபவை சுருண்ட முடி தோலுக்குள் குத்தி நிற்பதால் வருபவை. சில நாள் மழிப்பதை நிறுத்தினாலே அடங்கத் தொடங்கும்.

பருதான் என்று தெரிந்தபின் செய்ய வேண்டிய முதல் வேலை, தடவிக்கொண்டிருப்பவற்றை நிறுத்துவது. பற்பசை, எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா மூன்றும் உடனே நிற்க வேண்டும். தோலின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது. எலுமிச்சை அதைவிடப் பல மடங்கு அமிலம், சமையல் சோடா நேர் எதிரான காரம். இரண்டுமே தோலின் காப்பைக் குலைக்கின்றன. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் தீப்பட்டதுபோல் புண்ணாகிக் கருத்துவிடுவதும் உண்டு. பற்பசை பருவைக் காயவைப்பதாகத் தெரிவது உண்மையில் எரிச்சலால் தோல் உரிவதுதான்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது, மருந்துக் கடையில் பெயர் சொல்லாமல் கேட்டு வாங்கும் ‘முகத்துக்குப் போடுற டியூப்’. இப்படிக் கைமாறும் சிவப்பழகுக் களிம்புகள் பலவற்றில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு ஒன்று இருக்கிறது. தடவிய சில நாளில் பரு அமுங்கி, முகமும் வெளுத்ததுபோல் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதையே வாங்குவாள். சில மாதத்தில் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவந்த இரத்தக் குழாய்கள் தெரியும், மெல்லிய முடி வளரும், வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் பரு முன்னைவிட அதிகமாகக் கிளம்பும். அதற்குப் பயந்து மீண்டும் தடவுவார்கள். இந்தியாவில் 12 மையங்களில் தோல் மருத்துவர்கள் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முகத் தோல் கோளாறோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தவர்கள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆகவே டியூபின் பின்பக்கம் உள்ள சிறிய எழுத்தைப் படிப்பது கட்டாயம். ‘சோன்’, ‘சால்’ என்று முடியும் பெயர் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் முகத்தில் வைக்கக் கூடாது. பல மாதமாகப் போட்டு வந்தவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போய்ப் படிப்படியாக விட வேண்டும்.

அடுத்தது கழுவுவது. காலை ஒருமுறை, இரவு ஒருமுறை, நன்றாக வியர்த்துவிட்டு வந்தால் மேலும் ஒருமுறை. அதற்கு மேல் வேண்டாம். பரு என்பது அழுக்கு அல்ல. ஆறேழு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தால் தோல் வறண்டு எரியும், பரு குறையாது. நார், ஸ்கிரப், கொரகொரப்பாக அரைத்த மாவு எல்லாம் சிவந்த பருக்களைக் கீறிவிடும். விரல் நுனியால் தடவிக் கழுவி, துண்டால் ஒற்றி எடுப்பதே போதும்.

இந்தப் பகுதியில் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு டம்ளர் போர்த் தண்ணீரில் சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்கினால், நுரைக்குப் பதிலாகத் தயிர் திரிந்ததுபோல் வெள்ளைத் திப்பி மிதக்கும். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பொருளாவதுதான் அது. பக்கெட் விளிம்பில் வரிவரியாகப் படிவதும் அதுவே. முகத்திலும் மெல்லிய படலமாக அது தங்குகிறது. கழுவியபின் கன்னம் இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தால் அந்த முகத்துக்குச் சோப்பும் உப்புத் தண்ணீரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். வீட்டுக்கு ஆத்தூர் காமராசர் அணைத் தண்ணீரோ காவிரித் தண்ணீரோ வந்தால் முகத்துக்கு மட்டும் அதில் ஒரு சொம்பு எடுத்துவைக்கலாம். போர்த் தண்ணீர்தான் உண்டு என்றால், சோப்பை விட்டு, சோப்பு அல்லாத மென்மையான ஃபேஸ்வாஷுக்கு மாற வேண்டும். அது உப்புத் தண்ணீரிலும் திரியாது. கருமுனையும் வெண்முனையும் அதிகம் உள்ளவர்களுக்குச் சாலிசிலிக் அமிலம் 1 முதல் 2 சதவீதம் சேர்ந்த ஃபேஸ்வாஷ் உதவும்.

மூன்றாவது வேலை மருந்து. சிவந்த பருவுக்கும் சீழ்ப் பருவுக்கும் வீட்டில் தொடங்கக்கூடிய நம்பகமான மருந்து பென்சாயில் பெராக்சைடு ஜெல். 2.5 சதவீதமே போதும். 10 சதவீதம் வாங்கினால் எரிச்சல்தான் கூடுகிறது, பலன் பெரிதாகக் கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதல் மூன்று நாள் தாடைக்குக் கீழே சிறிய இடத்தில் மட்டும் தடவிப் பார்க்க வேண்டும். வீக்கமோ கொப்புளமோ அடங்காத அரிப்போ வந்தால் அந்த மருந்து வேண்டாம். ஒன்றும் வராவிட்டால், இரவில் முகம் கழுவி நன்றாகக் காய்ந்தபின் ஒரு பட்டாணி அளவு எடுத்து, பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். பருவின் மேல் மட்டும் புள்ளி வைத்தால் அடுத்து வரப்போவது தடைபடாது. கண்ணிமை, உதட்டோரம், மூக்கு மடிப்பு ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு தினமும். லேசான வறட்சியும் தோல் உரிவதும் வரும். பயந்து நிறுத்தாமல், எண்ணெய் இல்லாத மாய்ஸ்சரைசரை மேலே தடவினால் அடங்கும். இந்த ஜெல் துணியை வெளுக்கச் செய்யும் என்பதால் தலையணைக்குப் பழைய வெள்ளை உறை நல்லது. டியூபை வண்டிப் பெட்டியிலோ ஜன்னலோரத்திலோ சூடேற விடக் கூடாது. சூட்டில் இந்த மருந்து சிதைந்து பென்சீன் என்ற நச்சுப்பொருள் உருவாகலாம்.

அடைப்பையே தடுக்கும் அடாபலீன் 0.1 சதவீத ஜெல் இதைவிட அடிப்படையான மருந்து. அமெரிக்காவில் 2016 முதல் சீட்டில்லாமல் கிடைக்கிறது. இங்கே மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் அதைத் தொடக் கூடாது. கிளிண்டாமைசின் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் பூசுவதும் தவறு. பாக்டீரியா அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

வீட்டு மருந்துகளில் சிலவற்றுக்கு இடம் உண்டு. சங்கைச் சந்தனக் கல்லில் உரசி, அந்த வெண்குழம்பைப் பருவில் வைப்பது இந்தப் பக்கத்துப் பாட்டிமார் கைவைத்தியம். சங்கு என்பது கால்சியம் கார்பனேட். அந்தப் பொடி எண்ணெயை உறிஞ்சிப் பருவைக் கொஞ்சம் காயவைக்கலாம், ஆனால் அடைப்பு வரை அது இறங்குவதில்லை. சந்தனம் குளிர்ச்சி தருவது உண்மை. சோற்றுக் கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டு, கழுவி, உள்ளே இருக்கும் கண்ணாடிபோன்ற சோற்றை மட்டும் தடவினால் மருந்தால் வரும் எரிச்சல் தணியும். வேப்பிலைத் தண்ணீரில் கழுவுவதால் கெடுதல் இல்லை. ஜாதிக்காயைப் பாலில் உரைத்துத் தடவுவது மட்டும் பலருக்கு எரிச்சலைத் தருகிறது. ஒரு முகத்தில் ஒரு சமயத்தில் ஒரே வீட்டு மருந்து, அதுவும் ஜெல் போடாத நேரத்தில் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

தடுப்பில் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது தலைமுடி. நெற்றியோரத்திலும் கன்னப்பொறியிலும் மட்டும் பொடிப்பருக்கள் வரிசை கட்டி நின்றால் காரணம் பெரும்பாலும் தலைக்கு வைக்கும் எண்ணெய். தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தேய்த்துப் பின்னிக்கொண்டு, அதே தலையோடு வெயிலில் நடந்தால் வியர்வையோடு எண்ணெய் நெற்றிக்கு இறங்குகிறது. எண்ணெயே வைக்கக் கூடாது என்று அம்மாக்களிடம் சொல்லத் தேவையில்லை. இரவிலோ குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்போ முடியின் நீளத்துக்கு மட்டும் வைத்து, சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசி, நெற்றியைத் தனியாகக் கழுவினால் போதும். முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தை மட்டும் பரு உள்ளவர்கள் விட வேண்டும். தலையணை உறை வாரம் இருமுறை மாறட்டும். முகத்துக்குத் தனித் துண்டு இருக்கட்டும். ஆலையிலிருந்தும் பட்டறையிலிருந்தும் வந்தவுடன் முதலில் கையை, அதன்பின் முகத்தைக் கழுவ வேண்டும்.

கிள்ளுவதையும் பிதுக்குவதையும் பற்றி ஒன்று. அழுத்தும்போது சீழில் ஒரு பகுதி வெளியே வருகிறது, மிச்சம் மயிர்க்காலின் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. மறுநாள் வீக்கம் இரண்டு மடங்காவதும், ஆறியபின் குழி விழுவதும் அதனால்தான். மாநிறத் தோலில் இன்னொரு தொல்லையும் உண்டு. பரு போன இடம் பல மாதம் கருத்து நிற்கும். அந்தக் கருமையை வெயில் ஆழமாக்கும். வெளியே போகும்போது 30 எஸ்.பி.எஃப். உள்ள ஜெல் வகைச் சன்ஸ்கிரீன் போடலாம். அதற்கு வசதியில்லாத வீட்டில் குடையும் முகத்தை மறைக்கும் பருத்தித் துப்பட்டாவும் பாதி வேலையைச் செய்துவிடும்.

சாப்பாட்டின் மேல் ஏற்றப்படும் பழி அளவுக்கு மீறியது. பரு வந்த பிள்ளையை ‘உடம்புச் சூடு’, ‘பிரியாணி சாப்பிட்டாய்’ என்று கடிந்துகொள்வது பயனற்றது, அந்த வயதில் அது மனதையும் புண்படுத்துகிறது. எண்ணெய்ப் பலகாரம் தின்ற எண்ணெய் முகத்தில் வழிவதில்லை. இரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்றும் உணவுக்குத்தான் ஆதாரம் கொஞ்சம் இருக்கிறது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் இளைஞர்களிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், அப்படிப்பட்ட உணவைக் குறைத்தவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. சர்க்கரை தூக்கலான டீ, கூல்டிரிங்க்ஸ், பேக்கரி பன் ஆகியவற்றைக் குறைத்து, சுண்டலும் கம்பும் சேர்த்துப் பார்ப்பதில் நட்டமில்லை. ஜிம்முக்குப் போகும் பையன்களுக்கு முதுகிலும் முகத்திலும் திடீரென்று பரு கிளம்பினால் வே புரோட்டீன் பவுடரை இரண்டு மாதம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஒழுங்காகச் செய்தும் 8 முதல் 12 வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் வீட்டுப் பராமரிப்பின் எல்லை அதோடு முடிந்தது. வலிக்கும் ஆழமான கட்டிகள் வந்தாலோ, குழி விழத் தொடங்கினாலோ அந்த 12 வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. மாதவிலக்கு தவறி, தாடையில் முடியும் முளைத்துப் பரு வரும் பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. கடுமையான பருவுக்கு மருத்துவர் ஐசோட்ரெடினாயின் மாத்திரை எழுதலாம். கருவில் உள்ள குழந்தைக்குப் பெரும் ஊனம் உண்டாக்கும் மருந்து அது. யாருக்கோ எழுதிய சீட்டை வைத்து அதை ஒருபோதும் வாங்கக் கூடாது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அதுவரை தடவிய டியூப், பவுடர், எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசையில் வைத்தால், எது பருவைக் கூட்டியது என்பதை அவர் பாதி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.