இன்டர்மீடியட் மைக்ரோவை பேனாவோட படி, தங்கச்சி!

தங்கச்சி, இரண்டாம் வருஷ எகனாமிக்ஸ் டைம்டேபிள்ல 'இன்டர்மீடியட் மைக்ரோ'வைப் பார்த்ததுமே சீனியர்ஸ் பயமுறுத்தியிருப்பாங்க. முதல் வருஷத்துல, விலை ஏறினா வாங்குறது குறையும்னு படிச்சே. இப்போ அது ஏன் குறையுது, எவ்வளவு குறையுது, எப்போ குறையாமலும் போகும்னு கேக்குறாங்க. இதைக் கதை மாதிரி வாசிச்சா மனசுல நிக்காது. ஒவ்வொரு பாடத்தையும் படமா வரையணும், கணக்காப் போடணும், சொந்த வார்த்தையில சொல்லணும். மூணும் வந்தாத்தான் அந்தப் பாடம் உனக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம்.

1. கணக்கைத் தூசி தட்டி எடு

செமஸ்டர் தொடங்குறதுக்கு முன்னாடியே வகையிடல், பகுதி வகையிடல், ரெண்டு சமன்பாட்டைச் சேர்த்துத் தீர்க்குறது இதையெல்லாம் கை வேகமாப் போடுற வரைக்கும் பழகிடு. பாதிக் கணக்குக்கு இது போதும். பிளஸ் டூல கணக்கு எடுக்கலைன்னு கவலைப்படாதே. ஆல்ஃபா சியாங்கோட கணிதப் பொருளாதாரப் புத்தகம் அடிப்படையிலேருந்துதான் சொல்லித் தருது.

2. ஒரே புத்தகத்தைப் பிடிச்சுக்கோ

நாலு புத்தகத்தைத் திறந்து வெச்சா குறியீடு ஒவ்வொண்ணுலயும் மாறும், குழப்பம்தான் மிஞ்சும். ஹால் வேரியன் எழுதின 'இன்டர்மீடியட் மைக்ரோஎகனாமிக்ஸ்' 1987-ல முதல்ல வந்தது. இன்னைக்கும் நிறைய பல்கலைக்கழகங்கள்ல அதுதான் பாடப்புத்தகம். அதுல கால்குலஸ் பெரும்பாலும் அத்தியாயக் கடைசியில பின்னிணைப்பா இருக்கும். அதைத் தாண்டிப் போகாதே, பரீட்சைக் கணக்கு அங்கேதான் இருக்கு. பெர்க்ஸ்ட்ராமும் வேரியனும் சேர்ந்து எழுதின 'வொர்க்அவுட்ஸ்' பயிற்சிப் புத்தகத்தையும் லைப்ரரியில கேட்டு வாங்கு. ஒரு அத்தியாயம் படிச்ச அன்னைக்கே அதுக்கான கணக்குல சிலதையாவது போட்டுடு.

3. ஸ்லட்ஸ்கியை எண் வெச்சுப் படி

எல்லாரும் திணறுற இடம் இது. வாரத்துக்கு உன் கையில 240 ரூபாய் இருக்கு, பாதியை டீக்கும் பாதியை மத்த செலவுக்கும் ஒதுக்குறேன்னு வெச்சுக்கோ. காப்-டக்ளஸ் சார்புல ரெண்டு பொருளுக்கும் ஒரே அடுக்கு இருந்தா இப்படித்தான் வரும். டீ 10 ரூபாய்னா 12 டீ. விலை 12 ரூபாய் ஆனா 10 டீ. ரெண்டு டீ குறைஞ்சது.

இந்த ரெண்டுல, டீ மத்ததைவிட விலை கூடினதால குறைஞ்சது எவ்வளவு? உன் பணத்தோட வாங்கும் சக்தி தேஞ்சதால குறைஞ்சது எவ்வளவு? 1915-ல ஸ்லட்ஸ்கி காட்டின வழி இது: பழைய 12 டீயையும் மத்த செலவையும் புது விலையிலும் அப்படியே செய்ய முடியுற மாதிரி 24 ரூபாய் கூடக் கொடு. இப்போ 264 ரூபாய். அதுல பாதி 132. அதுக்கு 11 டீ. ஆக, 12-லேருந்து 11-க்கு வந்தது பதிலீட்டு விளைவு, 11-லேருந்து 10-க்கு வந்தது வருமான விளைவு.

ஹிக்ஸ் வழியில பழைய திருப்தி கிடைக்கிற அளவுக்கு மட்டும்தான் பணம் கொடுப்போம். அதனால நடுவுல வர்ற எண் சுமார் 10.95. உங்க சார் எந்த வழியில எடுக்குறார்னு முதல்லயே கேட்டு வெச்சுக்கோ.

வருமான விளைவு எதிர்த்திசையில ரொம்பப் பலமா இருந்தா என்ன ஆகும்? விலை ஏறினா வாங்குறதும் கூடும், விலை இறங்கினா குறையும்; அதுதான் கிஃபென் பண்டம். சீனாவோட ஹுனான் மாகாணத்து ஏழைக் குடும்பங்கள்கிட்ட ஜென்சனும் மில்லரும் செஞ்ச ஆய்வு 2008-ல வெளியாச்சு. மானியம் கொடுத்து அரிசி விலையைக் குறைச்சப்போ, அந்தக் குடும்பங்கள் அரிசி சாப்பிடுறதும் குறைஞ்சது. பதில்ல இந்த உதாரணத்தை எழுது.

4. லக்ராஞ்சியனுக்கு முன்னாடி சமநோக்கு வளைகோட்டை வரை

கணக்கைப் பார்த்ததும் லக்ராஞ்சியன் எழுத ஆரம்பிக்காதே. கோடு வளைஞ்சு வழவழன்னு இருந்தாத்தான் பட்ஜெட் கோடு அதைத் தொடுற புள்ளியைத் தேடலாம். முழுப் பதிலீட்டுப் பண்டம்னா கோடு நேர்கோடு. முதல் பொருள் ஒவ்வொண்ணும் 2 பயன்பாடு, விலை 3 ரூபாய்; இரண்டாவது 1 பயன்பாடு, விலை 1 ரூபாய். ஒரு ரூபாய்க்கு எது கூடத் தருது? இரண்டாவது. மொத்தப் பணமும் அதுக்கே போகும். இடது செருப்பு, வலது செருப்பு மாதிரி ஜோடிப் பண்டம்னா முனையிலதான் விடை, அங்கே வகையிடவே முடியாது.

லக்ராஞ்சியன்ல வர்ற லாம்டாவுக்கும் பொருள் உண்டு: கையில இன்னும் ஒரு ரூபாய் இருந்தா திருப்தி எவ்வளவு கூடும்ங்கிறதுதான் அது. அதையும் ஒரு வரி எழுது.

5. நம்ம ஊரு விஷயத்தை வரைபடமாக்கு

தமிழ்நாட்டு ரேஷன் கடையில 2011 ஜூன்லேருந்து அரிசி இலவசம். ஒரு குடும்பத்துக்கு மாசம் 20 கிலோ கிடைக்குது, அதை வெளியில விற்க முடியாதுன்னு வெச்சுக்கிட்டு பட்ஜெட் கோடு வரைஞ்சு பாரு. படுக்கை அச்சுல அரிசி, நிமிர்ந்த அச்சுல மத்த செலவு. 20 கிலோ வரைக்கும் கோடு படுத்தே போகும், அதுக்கப்புறம் மார்க்கெட் விலைக்கேத்த மாதிரி சரியும். அரிசிக்குப் பதிலா அதே மதிப்புக்குப் பணம் கொடுத்தா கோடு எப்படி மாறும், யாருக்கு எது நல்லதுன்னு நீயே வாதாடு. மானியம் பத்தின பாடம் பூரா இந்தப் படத்துல இருக்கு.

6. கம்பெனிப் பாடத்தைப் புதுசா நினைக்காதே

சமநோக்கு வளைகோடு இருந்த இடத்துல சம உற்பத்தி வளைகோடு, பட்ஜெட் கோடு இருந்த இடத்துல சமச்செலவுக் கோடு. முதல் பாதி நல்லா வந்திருந்தா இது சீக்கிரம் வந்துடும். ஒரு காரணம் மட்டும் மனசுல இருக்கட்டும்: அடுத்த ஒரு யூனிட்டுக்கு ஆகுற செலவு சராசரியைவிடக் குறைவா இருக்குற வரைக்கும் சராசரி இறங்கும். அதனாலதான் இறுதிநிலைச் செலவுக் கோடு, சராசரிச் செலவை அதோட அடிப்புள்ளியில வெட்டுது.

7. எல்லா அங்காடிக்கும் ஒரே தேவைக் கோடு

விலை = 120 − மொத்த அளவு. உற்பத்திச் செலவு பூஜ்யம். 1838-லயே கூர்னோ, செலவில்லாம ஊத்துற கனிமநீர் ஊற்றை வெச்சுத்தான் தன் கணக்கைச் சொன்னார். அந்த ஒரே கோட்டுல எல்லாத்தையும் போடு:

முற்றுரிமை: அளவு 60, விலை 60.
கூர்னோ இருவர்: ஆளுக்கு 40, மொத்தம் 80, விலை 40.
ஸ்டாக்கல்பர்க்: முந்துறவர் 60, பின்னாடி வர்றவர் 30, விலை 30.
நிறைவுப் போட்டி: அளவு 120, விலை 0.

போட்டி கூடக் கூட விலை எப்படி இறங்குதுன்னு ஒரே பக்கத்துல தெரியும். பரீட்சைக்கு முந்தின நாள் இந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே போதும்.

8. பேசிப் படி, பரீட்சையில வாய்விட்டு எழுது

ரெண்டு மூணு பேராச் சேர்ந்து, ஒருத்தர் போர்டுல வரைஞ்சு தமிழ்லயே விளக்கட்டும், மத்தவங்க 'ஏன்?'னு கேட்டுக்கிட்டே இருங்க. எங்கே பதில் தடுமாறுதோ அதுதான் நாளைக்கு சார்கிட்ட கேக்க வேண்டிய சந்தேகம். பரீட்சையில அச்சு ரெண்டுக்கும் பேர் எழுது, பழைய புள்ளி, புதுப் புள்ளின்னு குறி. விடை வந்ததும் அது என்ன சொல்லுதுன்னு ஒரு வாக்கியம் சேர். கணக்குல சின்னத் தப்பு இருந்தாக்கூட, யோசிச்ச வழி தெரிஞ்சா மார்க் போடத் தோணும்.

பொது நிதி, சர்வதேச வர்த்தகம், வளர்ச்சிப் பொருளாதாரம், எம்.ஏ. நுழைவுத் தேர்வு எல்லாமே இந்த ஒரு பேப்பர் மேலதான் நிக்குது. அதனால பாஸ் ஆனாப் போதும்னு விட்டுடாதே. இன்னைக்கு ராத்திரியே அந்த டீக் கணக்குல விலையை 15 ரூபாயா மாத்திப் போட்டுப் பாரு. கடைசி விடை 8-ம் நடு விடை 10-ம் வந்தா, ஸ்லட்ஸ்கி உனக்கு வந்துடுச்சு. அடுத்த அத்தியாயத்தைத் திற.