கொட்டாத குளவிக்கு மலையில் இடம் விடுங்கள்

பொகவந்தலாவையில் குளவி என்ற சத்தம் கேட்டாலே கூடையைப் போட்டுவிட்டு ஓடுவோம். குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவர் இல்லாத லயம் குறைவு. நான் சொல்ல வந்த குளவி வேறு. கொசுவளவு உடம்பு, நீண்ட உணர்கொம்பு, நம்மைக் கொட்டாது. இலைச்சுருட்டிப் புழுவை அடக்குவதற்காக 1935-36இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து இலங்கைத் தேயிலை மலைகளில் விட்டார்கள். பெயர் மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே. இன்றும் சம்பளமில்லாமல் நமக்கு வேலை செய்கிறது.

செய்ய வேண்டியவை

இலைச்சுருட்டிப் புழு ஒட்டிவைத்த இலைகளைப் பிரித்துப் பாருங்கள். போன மாதம் நான் பிரித்த ஒன்றில் புழு இல்லை. சுருங்கிய தோல் மட்டும். பக்கத்தில் நெருக்கமாக ஒட்டிய சின்னஞ்சிறு கூடுகள். அத்தனையும் குளவிப் பிள்ளைகள். தாய்க்குளவி இளம்புழுவின் உடம்புக்குள் முட்டையிடுகிறது. அந்த ஒரே முட்டை உள்ளே பலவாகப் பிரிந்து பல குஞ்சுகளாகிறது. ஒரு முட்டையில் பிறந்தவை எல்லாம் ஒரே பால்: கருவுற்ற முட்டையானால் பெண், கருவுறாததானால் ஆண்.

அப்படிப்பட்ட கூடு கண்டால், இலையை இருந்த இடத்திலேயே விடுங்கள்.

புழுவைக் குறைக்க வேண்டுமானால் அதன் தாயான அந்துப்பூச்சியின் முட்டைகளைப் பொறுக்குங்கள். முற்றிய இலையின் மேல்புறத்தில் மீன் செதில் மாதிரி அடுக்கி இட்டிருக்கும். இந்தக் குளவி புழுவைத்தான் தேடும், முட்டையைத் தொடாது. ஆகவே முட்டையை நசுக்கினால் குளவிக்கு நட்டமில்லை.

குளவிகளைப் பிடித்து வேறு மலையில் விடுவதானால் பரவலாக விடுங்கள். ஒரே இடத்தில் கூட்டமாக விட்டால், ஒரே புழுவுக்குள் இரண்டு மூன்று தாய்கள் முட்டையிடும். ஒரு புழுவின் சதை எத்தனை வாய்க்குக் காணும்? உள்ளே போட்டி வந்து பாதி செத்துப்போகும், மீதி நோஞ்சானாகும்.

வேலியோரத்துப் பூச்செடிகளைக் கொஞ்சம் விட்டு வையுங்கள். வளர்ந்த குளவிக்குத் தேன்தான் சாப்பாடு.

செய்யக்கூடாதவை

நாலு சுருட்டிலையைக் கண்டதும் மருந்து அடிக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1950களில் தண்டு துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். வண்டு குறைந்ததோ இல்லையோ, குளவி செத்தது. அடங்கிக் கிடந்த இலைச்சுருட்டி மறுபடி தலையெடுத்தது. ஒரு பூச்சிக்கு அடித்த மருந்து இன்னொன்றுக்கு வழிவிட்டது.

நெளிகிற புழு எல்லாம் எதிரி என்று எண்ணாதீர்கள். குளவிக்குஞ்சைச் சுமக்கும் புழுவும் கடைசி வரை நெளியும், இலையும் தின்னும். வெளியே பார்த்துக் கண்டுபிடிப்பது சிரமம்.

புழுவை அடியோடு ஒழிக்க ஆசைப்படாதீர்கள். புழுவே இல்லாத மலையில் குளவி எங்கே முட்டையிடும்? குளவி போன பிறகு வருகிற புழுவை யார் தடுப்பது?

குளவிக் கொட்டுக்குப் பயந்து பறக்கும் சிறு பூச்சியை எல்லாம் அடிக்காதீர்கள். கொட்டுகிறவை மரக்கிளையிலும் பாறையிலும் பெரிய கூடு கட்டும்; அதைக் கண்டால் கங்காணியிடம் சொல்லி விலகி நில்லுங்கள்.

சேதம் கைமீறினால் கடைக்காரர் தருவதை வாங்கி அடிக்காமல், தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். போகும்போது ஒட்டிய இலை பத்தையாவது உறையில் போட்டுக் கொண்டுபோங்கள்.