புரி பொருந்தினாற் போதுமா?



கைத்தொலைபேசியே கமராவாகிவிட்ட இக்காலத்திலும் எமது உயர்வகுப்பு மாணவர் சிலர் பழைய படச்சுருட் கமராக்களை ஆர்வத்தோடு தேடி வாங்குகின்றனர். நாம் வாழும் இந்த ஜேர்மனியிலே, வார இறுதிகளிற் கூடும் பழம்பொருட் சந்தைகளில் அத்தகைய கமராக்களையும் அவற்றிற்குரிய திருகு வில்லைகளையும் காணலாம். போத்தல் மூடியைப் போலத் திருகிப் பூட்டப்படுவதே திருகு வில்லையாகும். ஒரு கமராவின் வில்லையைக் கழற்றி இன்னொன்றிற் பூட்டலாமா என்பதே இப்பாடத்தின் வினா. விடையை நாம் ஒரு தவறின் வாயிலாகவே கற்றோம். அதனை முதலிற் கூறிவிடுகின்றோம்.

நாம் செய்த தவறு

கடந்த ஆண்டு விழாவைப் படச்சுருளிலேயே பதிவு செய்வதென உயர்வகுப்பு மாணவரும் நாமும் முடிவு செய்தோம். எம்மிடம் இருந்த பழைய கமராவிற்குச் சந்தையிலே ஒரு வில்லை வாங்கினோம். அது தடையின்றித் திருகி அமர்ந்தது. காட்சிச் சாளரத்தினூடாகப் பார்த்தபோது மேடை தெளிவாகத் தெரிந்தது. ஆனால் சுருள் கழுவப்பட்டு வந்தபோது 36 படங்களில் ஒன்றிலேனும் ஒரு முகம் துலங்கவில்லை.

அன்று கீழ்ப்பிரிவு மாணவி ஒருத்தி தனது முதற் பேச்சை நிகழ்த்தினாள். அதனைக் கேட்பதற்கென யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அவளது அம்மம்மா மேடையேறி அவளை அணைத்துக்கொண்டார். கைத்தொலைபேசிகளை எடுக்கவேண்டாமெனச் சபையோரை வேண்டிக்கொண்டவர்கள் நாமே. ஆகையால் அக்காட்சிக்கு வேறு படம் இல்லை. அம்மம்மா ஊர் திரும்பிவிட்டார். படம் கேட்டு வந்த பிள்ளையிடம் உண்மையைக் கூறவேண்டியதாயிற்று.

"புரி பொருந்தினதுதானே சேர், பிறகேன் பிழைச்சது?" என மாணவன் ஒருவன் வினவினான். அவ்வினாவிற்கான விடையே பின்வருவது.

மூன்று அளவுகள்

ஊரிலே பாடசாலை ஆய்வுகூடத்தில் திருகுக் கணிச்சியைக் கையிற் கொடுத்துத் திருகின் இயல்பைக் கற்பித்தவர்கள் நாம். அப்பாடத்தையே இங்கு மறந்துவிட்டோம். திருகு வில்லை ஒன்று கமராவிற்கு உரியதா என அறிவதற்கு மூன்று அளவுகள் வேண்டும்.

1. விட்டம்: புரியின் குறுக்களவு.
2. புரியிடைத் தூரம்: ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையிலுள்ள தூரம்.
3. விளிம்புத் தூரம்: வில்லை வந்து அமரும் விளிம்பிலிருந்து படச்சுருள் வரையுள்ள தூரம்.

முதலிரண்டும் பொருந்தினால் வில்லை பூட்டப்படும். மூன்றாவதும் பொருந்தினால் மாத்திரமே படம் தெளியும்.

லைக்கா கற்பித்த பாடம்

ஒஸ்கார் பார்னாக் வடிவமைத்த லைக்கா கமராவை வெற்ஸ்லார் நகரத்து லைற்ஸ் நிறுவனம் 1925 இல் வெளியிட்டது. 1930 இல் வில்லையை மாற்றத்தக்க லைக்கா வந்தது. அதில் விளிம்புத் தூரம் கமராவிற்குக் கமரா சிறிது வேறுபட்டது. ஆகவே ஒவ்வொரு வில்லையும் ஒரு கமராவிற்கென்றே சரிசெய்யப்பட்டு, அக்கமராவின் தொடரிலக்கத்தின் இறுதி மூன்று இலக்கங்கள் வில்லையிற் பொறிக்கப்பட்டன. 1931 இல் அத்தூரம் 28.8 மில்லிமீற்றர் என நியமமாக்கப்பட்டது. அதன் பின்னரே எந்த வில்லையும் எந்த லைக்காவிற்கும் பொருந்தலாயிற்று. நியமமான கமராக்களின் விளிம்பிலே "0" என்னும் குறி இடப்பட்டது.

39 மில்லிமீற்றர்: ஒரு விட்டம், பல தூரங்கள்

லைக்காவின் புரி 39 மில்லிமீற்றர் விட்டமுடையது. ஓர் அங்குலத்திற்கு 26 புரிகள் கொண்டது. 25.4 ஐ 26 ஆல் வகுத்தால் புரியிடைத் தூரம் ஏறத்தாழ 0.977 மில்லிமீற்றர். லைக்காவைப் பின்பற்றிச் சோவியத் நாட்டில் ஃபெட், சோர்க்கி என்னும் கமராக்கள் செய்யப்பட்டன. பின்னர் அதே விட்டத்துடன் ஸெனிற் என்னும் கமராவும் வந்தது. ஆனால் ஸெனிற்றின் உள்ளே ஓர் ஆடி உண்டு. அது மேலெழுவதற்கு இடம் வேண்டும். ஆதலால் வில்லை முன்னே தள்ளி அமைக்கப்பட்டு, விளிம்புத் தூரம் 45.2 மில்லிமீற்றர் ஆயிற்று. ஜேர்மனியின் பக்செற் கமராக்களிலோ அதே 39 மில்லிமீற்றர் விட்டத்திற்கு 44 மில்லிமீற்றர் தூரம்.

இன்டஸ்ரார்-50 என்னும் வில்லை, சோர்க்கிக்கும் ஸெனிற்றுக்கும் ஒரே பெயரில் இருவிதமாகச் செய்யப்பட்டது. பெயரைப் பார்த்து வாங்குவோர் ஏமாறுவது எளிது.

இடம் மாறினால் நிகழ்வதென்ன? கணக்கிட்டுப் பார்ப்போம். 50 மில்லிமீற்றர் குவியத் தூரமுடைய சோர்க்கி வில்லையை ஸெனிற்றிற் பூட்டினால், அது 45.2 − 28.8 = 16.4 மில்லிமீற்றர் முன்னே தள்ளி நிற்கும். முடிவிலிக் குறியில் வைத்தாலும் படச்சுருள் வில்லையிலிருந்து 66.4 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கும். வில்லைச் சூத்திரத்தின்படி, ஏறத்தாழ 20 சென்றிமீற்றர் தூரத்திலுள்ள பொருள் மாத்திரமே தெளியும். பூவைப் படமெடுக்கலாம், மேடையை எடுக்கவியலாது.

மறுதலையாக, ஸெனிற் வில்லையை ஃபெட்டிலோ சோர்க்கியிலோ பூட்டினால், அது அதே அளவு பின்னே நிற்கும். அப்பொழுது எத்தூரத்திலுள்ள பொருளும் தெளியாது. அக்கமராக்களில் ஆடி இல்லை. காட்சிச் சாளரம் வேறு, வில்லை வேறு. ஆகையாற் கண்ணுக்குத் தெளிவாகவும் படச்சுருளில் மங்கலாகவும் தோன்றும். எமக்கு நேர்ந்தது இதுவே.

42 மில்லிமீற்றர்: ஒரு விட்டம், இரு புரிகள்

ட்றெஸ்டன் நகரில் உருவான கொன்ராக்ஸ் எஸ் கமரா 1949 இல் 42 மில்லிமீற்றர் புரியுடன் வெளிவந்தது. பிறக்ரிக்கா கமராக்களும், 1957 முதல் ஜப்பானின் பென்ராக்ஸ் கமராக்களும் அப்புரியையே கொண்டன. அதன் புரியிடைத் தூரம் 1 மில்லிமீற்றர். விளிம்புத் தூரம் 45.46 மில்லிமீற்றர்.

அதே 1957 இல் ஜப்பானின் தம்ரொன் நிறுவனம் "ரீ" எனப்படும் புரியை அறிமுகப்படுத்தியது. அதன் விட்டமும் 42 மில்லிமீற்றரே. ஆனால் புரியிடைத் தூரம் 0.75 மில்லிமீற்றர், விளிம்புத் தூரம் 55 மில்லிமீற்றர். இரண்டையும் இணைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் கால் மில்லிமீற்றர் முரண்படும். தொடக்கத்தில் ஏறுவதுபோல் ஏறிப் பின் இறுகும். அப்பொழுது பலங்கொண்டு திருகினால் இரு புரிகளும் கெடும். இறுகிய இடத்திலேயே நிறுத்திக் கழற்றிவிட வேண்டும்.

39 இலிருந்து 42 இற்கு மாற்றும் மெல்லிய வளையங்களும் விற்கப்படுகின்றன. ஸெனிற் வில்லையை அவ்வாறு 42 மில்லிமீற்றர் கமராவிற் பூட்டினால் வேறுபாடு 0.26 மில்லிமீற்றர் மாத்திரமே. ஆயினும் 50 மில்லிமீற்றர் வில்லையில் ஏறத்தாழ 10 மீற்றருக்கு அப்பாலுள்ளவை முழுமையாகத் தெளியா. நகத்தின் தடிப்பளவு பிழையும் பிழையே.

இன்னொரு தடையும் உண்டு. பிற்கால 42 மில்லிமீற்றர் வில்லைகளின் பின்புறத்தில் ஒரு சிறு ஊசி இருக்கும். படமெடுக்கும் கணத்தில் கமரா அதனை அழுத்தும்போதே ஒளித்துவாரம் நாம் குறித்த அளவிற்குச் சுருங்கும். அழுத்தும் உறுப்பு இல்லாத பழைய கமராவிற் பூட்டினால் துவாரம் முழுமையாகத் திறந்தே இருக்கும். படம் அளவுக்கு மீறிய ஒளி பெறும். தானியங்கு முறையிலிருந்து கைமுறைக்கு மாற்றும் ஆளி அவ்வில்லையில் உண்டா எனப் பார்த்து வாங்குக.

சோதிக்கும் முறை

பின்மூடி திறக்கும் கமராவாயின், படச்சுருள் இல்லாதபோது அதனைத் திறந்து, சுருள் செல்லும் தளத்தின்மீது ஒளி கசியும் மெல்லிய தாளை இழுத்து ஒட்டுக. வில்லையை முடிவிலிக் குறியிலும் முழுத் துவாரத்திலும் வைத்து, "பி" நிலையில் அடைப்பானைத் திறந்து பிடிக்க. தொலைவிலுள்ள கோபுரமோ மரமோ தாளின்மீது தலைகீழாகத் தெளிவாக விழுந்தால் வில்லை பொருத்தமானது. ஐந்து நிமிடத்தில் முடியும் இச்சோதனையைச் சென்ற ஆண்டு நாம் செய்யவில்லை.

திருகி அமர்ந்ததைக் கண்டு பொருந்திவிட்டதென முடிவு செய்தோம், அளந்து பார்க்கவில்லை. மீண்டும் எடுக்க முடியாத படத்திற்குச் சோதியாத கருவியைக் கொண்டு செல்லலாகாது என்பதே நாம் கற்ற பாடம். இவ்வாண்டு விழாவிற்கு எமது மாணவர் தம் கமராக்களையெல்லாம் தாள் வைத்துச் சோதித்துவிட்டனர். கைத்தொலைபேசிகளை எடுக்கவேண்டாமென நாமும் இம்முறை கூறமாட்டோம்.

பயிற்சி

1. விட்டம், புரியிடைத் தூரம், விளிம்புத் தூரம் என்பவற்றைப் படம் வரைந்து குறிக்க.
2. ஆடியுள்ள கமராவின் விளிம்புத் தூரம் கூடுதலாக இருப்பதேன்?
3. 50 மில்லிமீற்றர் லைக்கா வில்லையொன்றைப் பக்செற் கமராவிற் பூட்டினால் எத்தூரத்திலுள்ள பொருள் தெளியும்? கணிக்க.