சுடுமல்லி: அழகான திருடி

வீட்டுத் தோட்டத்தில் சோளமோ குரக்கனோ போட்டவர்கள் கவனிக்கவும். பயிருக்கு நடுவே ஒரு சாண் உயரத்தில், சிவப்பாகவோ மஞ்சளாகவோ வெள்ளையாகவோ சின்னப் பூவோடு ஒரு செடி நின்றால், அது சுடுமல்லியாக இருக்கலாம். பார்க்க அழகுதான். ஆனால் திருடி!

காய்ந்த புல்வெளிதான் இதன் சொந்த இடம். இலை பச்சையாக இருந்தாலும், வேரைப் பக்கத்துப் புல்லின் வேரில் ஒட்டவைத்துத் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும். சோளம், குரக்கன், கரும்பு எல்லாம் புல் இனம்தானே, அதனால் அவற்றையும் விடாது. தேயிலைக்குப் பயமில்லை.

செடி மண்ணுக்கு மேலே தெரிவதற்கு முன்னமே பயிர் வாடத் தொடங்கிவிடும். நாமோ மழை போதாது என்று நினைத்துக்கொண்டு இருப்போம்.

விதை தூசு மாதிரி. ஒரே செடி ஆயிரக்கணக்கில் கொட்டும். பத்து வருஷம் கூட மண்ணில் உயிரோடு கிடக்கும். பக்கத்தில் வளரும் வேரிலிருந்து கசியும் ஒரு பொருள் பட்டால்தான் முளைக்கும். அந்தப் பொருளை 1966இல் பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பருத்தியில் இது ஒட்டி வளராது. விதை ஏமாந்து முளைத்துச் செத்துப்போகும். சில வகைக் கௌபியும் இப்படியே ஏமாற்றும். ஆகவே சோளத்தை மாற்றி ஒரு போகம் கௌபி போட்டுப் பாருங்கள்.

பூக்கும் முன்னே பிடுங்கிவிட வேண்டும். பூத்ததைக் குப்பைக் குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். அந்தத் துண்டில் கொத்திய மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த வீட்டுக்குக் கொடுக்காதீங்க.