அடுக்களையை அளந்த அம்மையார்

சமையல் செய்யும் இடத்திற்குத் தமிழிற் பெயர்கள் பல. சங்க காலத்தார் அதனை 'அட்டில்' என்றனர். அடுதல் என்பது சமைத்தல். அடுப்பு, அடுக்களை என்பனவும் அச்சொல்லின் உறவினரே. கோயிலில் அது மடைப்பள்ளி. யாழ்ப்பாணத்தில் நாம் வழங்கும் 'குசினி' போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். இன்று நாம் வாழும் அமீரகத்தில் அதனை அரபு மொழியில் 'மத்பக்' என்பர். பெயர்கள் இத்தனை இருந்தும், அங்கே நின்று உழைப்பவருக்கு ஏற்றவாறு அவ்விடத்தை எங்ஙனம் அமைப்பது என்று சிந்தித்தவர் மிகச் சிலரே. அவருள் முதன்மையான ஒருவரைப் பற்றி மாணவச் செல்வங்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அவர் பெயர் மார்கரெட்டே சூட்டே-லிகொட்ஸ்கி. 1897 சனவரி 23இல் ஒஸ்திரியாவின் வியன்னா நகரிற் பிறந்தவர். கட்டடக்கலை ஆண்களுக்கே உரியது என்று கருதப்பட்ட காலத்தில் அதனைப் பயின்றார். 1917இல் தொழிலாளர் குடியிருப்புக்கான வடிவமைப்புப் போட்டி ஒன்றிற் பங்குபற்ற விரும்பியபோது, அவருடைய ஆசிரியர் ஒஸ்கார் ஸ்ட்ரனாட், கோடு வரையுமுன் தொழிலாளர் வாழும் பகுதிகளுக்குச் சென்று, அவர்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்று கண்டுவருமாறு பணித்தார். மாணவியும் சென்றார், ஓர் அறையிற் பலர் நெருங்கி வாழ்வதைக் கண்டார், போட்டியிற் பரிசும் பெற்றார். முன்னாள் ஆசிரியர்களாகிய எமக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுவே. பென்சிலைக் கொடுக்குமுன் கண்ணைத் திறந்துவிட்ட ஆசிரியர் அவர்.

முதல் உலகப் போரின் பின்னர் ஜேர்மனியில் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. பிராங்பேர்ட் நகர சபை ஏர்ன்ஸ்ட் மை என்னும் கட்டடக்கலைஞர் தலைமையில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டத் தொடங்கியது. 1926இல் அவர் அம்மையாரை அங்கு அழைத்தார். குறைந்த செலவில், குறைந்த இடத்தில் சமையலறை வேண்டும் என்பதே அவருக்குக் கிடைத்த கட்டளை.

அவர் எங்கிருந்து கற்றார் என்பது சுவையானது. புகைவண்டியின் உணவுப் பெட்டியிலே, மிகச் சிறிய அறையில் நின்று பலருக்குச் சமைத்துப் பரிமாறுவதை அவர் கவனித்தார். தொழிற்சாலைகளில் வேலையின் ஒவ்வோர் அசைவையும் கணக்கிடும் முறையை வீட்டு வேலைக்குப் பொருத்தி அமெரிக்கப் பெண்மணி கிறிஸ்டின் பிரெடரிக் எழுதிய நூலைப் படித்தார். பின்னர் நிறுத்து கடிகாரத்தைக் கையில் எடுத்தார். அடுப்பிலிருந்து தொட்டிக்கு எத்தனை அடி? தொட்டியிலிருந்து அலுமாரிக்கு எத்தனை? வீணாகும் நடை ஒவ்வொன்றையும் குறைத்தார்.

இவ்வாறு உருவான 'பிராங்பேர்ட் சமையலறை' ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் உடையது. சன்னலின் கீழே வேலைப்பலகை. அதன் முன் சுழலும் முக்காலி. இருந்தவாறே காய்கறி நறுக்கலாம். பலகை பீச் மரத்தாலானது. கத்தியின் வெட்டையும் கறையையும் தாங்கும். மாவைப் புழு அணுகாதிருக்க ஓக் மரப் பெட்டி. அரிசி, சீனி முதலியவற்றுக்குக் கைப்பிடியும் மூக்கும் கொண்ட அலுமினிய இழுப்பறைகள். உருவியெடுத்து அப்படியே பாத்திரத்திற் சாய்க்கலாம். மரப்பகுதிகளுக்கு நீலம் பூசப்பட்டது. ஈக்கள் நீலத்தை விரும்புவதில்லை என்று அக்காலத்தில் நம்பினர். ஏறத்தாழப் பத்தாயிரம் வீடுகளில் இச்சமையலறை பொருத்தப்பட்டது.

இதனை வடிவமைக்கும்வரை தாம் சமைத்ததே இல்லை என்று அம்மையார் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். எம் அன்னையர் கேட்டால் நகைப்பர். குறைகளும் இருந்தன. தாழ்வான இழுப்பறைகள் சிறுவருக்கு எட்டின. ஒருவர் நிற்க மட்டுமே இடம். தாய்க்கு உதவ மகளோ கணவனோ உள்ளே நுழைய இயலாது. பெண்ணின் பாரத்தைக் குறைக்க எண்ணியது அவளைத் தனியறையில் அடைத்துவிட்டது என்று பின்வந்தோர் குறை கூறினர். அக்குற்றச்சாட்டில் நியாயம் உண்டென்றே நாம் கருதுகின்றோம். வளைகுடாவிற் பல ஆண்கள் ஒரே அடுப்புக்குக் காலையில் வரிசையில் நிற்கும் பகிர்வு அறைகளை நாம் அறிவோம். அவற்றுக்கு ஏற்ற சமையலறையை வரைய இன்னும் ஒருவர் வரவேண்டும்.

எம் அன்னை குந்தியிருந்தே சமைத்தார். ஈர விறகின் புகையால் அவருடைய கண்கள் எப்பொழுதும் சிவந்திருக்கும். 2009இல் இடம்பெயர்ந்து முகாமிலே கூடாரத்தில் வாழ்ந்தபோது மூன்று கற்களே எங்கள் குசினி. அங்கும் அன்னை முதற் செய்த வேலை, காற்று வரும் திசையைப் பார்த்துக் கற்களைத் திருப்பி வைத்ததே. அவரும் வடிவமைப்பாளரே என்பது எமக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. இத்தகைய புகையை ஒழிக்க ஐதராபாத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு என்னும் பொறியியலாளர் குழாய் பொருத்திய மண்ணடுப்பை வகுத்து, 1953இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். 1955இல் கோயம்புத்தூரிலே பி. சபாபதி ஆட்டுக்கல்லை மின்சாரத்தால் இயங்கச் செய்தார். இன்று அமீரகத்தில் எமது இல்லங்கள் பலவற்றில் தோசைக்கு மா அரைப்பது அதன் வழிவந்த பொறியே.

அம்மையாரின் கதை சமையலறையோடு முடியவில்லை. 1930இல் சோவியத் ஒன்றியம் சென்று புதிய நகரங்களின் அமைப்பிற் பணிபுரிந்தார். 1938இல் இஸ்தான்புல் சேர்ந்தார். அங்கேயே பாதுகாப்பாக இருந்திருக்கலாம். எனினும் நாசிகளை எதிர்க்கும் இயக்கத்திற்காக 1940இன் இறுதியில் வியன்னா திரும்பினார். சில வாரங்களிற் கைதாகி, பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 1945இல் அமெரிக்கப் படையினரால் விடுவிக்கப்பட்டார். பொதுவுடைமைக் கட்சியினர் என்பதால் போரின் பின்னரும் தாய்நாட்டில் அவருக்கு அரசு வேலைகள் அரிதாகவே கிட்டின. 1988இல் அரசு விருதளிக்க முன்வந்தபோது, போர்க்கால நடத்தை பற்றிச் சர்ச்சைக்குள்ளான குடியரசுத் தலைவர் வால்ட்ஹைமின் கையால் அதனைப் பெற மறுத்தார். தம்மைப் பற்றிப் பேசுவோர் அந்தச் சமையலறையை மட்டுமே பேசுகின்றனர் என்னும் மனக்குறை அவருக்கு இறுதிவரை இருந்தது. 2000 சனவரி 18இல், நூற்று மூன்றாம் பிறந்தநாளுக்கு ஐந்து நாட்கள் இருக்கையில் மறைந்தார்.

இப்பாடத்தை வகுப்பில் நடத்தியபோது, ஒரு மாலைப்பொழுது வீட்டுச் சமையலறையில் நின்று, சமைப்பவர் எத்தனை முறை எங்கெங்கு நடக்கின்றார் என்று குறித்துவருமாறு மாணவரைப் பணித்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு சிறுமி கொணர்ந்த தாளில் நாற்பத்தொரு கோடுகள் இருந்தன. இடமின்மையாற் குளிர்ப்பெட்டி கூடத்தில் நிற்கிறதாம். தாயார் அத்தனை முறையும் கூடத்துக்கு நடந்தாராம். கணக்கைக் கண்ட தந்தையார் அன்றிரவே காலணித் தட்டை அகற்றிவிட்டு, குளிர்ப்பெட்டியைச் சமையலறைக் கதவோரமாக நகர்த்தினார் என்றும், இப்பொழுது கோடுகள் பதினேழு என்றும் அச்சிறுமி கூறினாள்.